சாளக்கிராமத்தின் மறுபாதி

எங்கள் வீட்டுச் சாளக்கிராமத்தில் வெளியே தெரிந்த வரிகள் இருபத்துமூன்று. ஒன்பது வயதில் எண்ணினேன். எதைக் கண்டாலும் எண்ணும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. அப்பா பூசைக்கு உட்காரும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிகளை எண்ணுவேன். அப்பா மந்திரத்தை முடிக்கும்முன் நான் இருபத்துமூன்றை முடித்துவிடுவேன். இந்த எழுபத்துநான்கு வயதில், அந்த எண்ணிக்கையைத் தவிர அந்தக் கல்லுக்கு நான் உருப்படியாக என்ன செய்தேன் என்று யோசித்தால் பதில் சொல்ல நா கூசுகிறது.

சாளக்கிராமம் நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் கறுப்புக் கல். பெருமாளே அந்தக் கல்லாக இருக்கிறார் என்பது நம்பிக்கை. எங்களுடையது ஆயக்குடிக் கொய்யாவில் நடுத்தரமான ஒன்றின் அளவு இருக்கும். ஒரு பக்கம் சிறிய வாய்போலத் திறந்து, உள்ளே சுருள் சுருளாக வரிகள் தெரியும். அதைச் சக்கரம் என்பார் அப்பா.

முருகன் ஊரில், அதுவும் எங்களைப் போன்ற ஒரு வீட்டில், பெருமாள் கல் வந்து சேர்ந்தது தற்செயல்தான். பழனி அடிவாரத்தில் அப்பா யாத்திரீகர்களுக்கு வாடகைக்கு விடும் ஒன்பது அறைகள் வைத்திருந்தார். வடக்கிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் காய்ச்சலில் பதினோரு நாள் நான்காம் அறையில் கிடந்தார். அப்பா கஞ்சி வைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். போகும்போது அவர் தம் பையிலிருந்த கல்லை அப்பா கையில் வைத்துவிட்டுப் போனார். கூடவே விதிகளையும் சொல்லிவிட்டுப் போனார். இதை விலைக்கு வாங்கக் கூடாது, விற்கக் கூடாது, ஒருவர் கொடுத்தால்தான் வரலாம். வந்த வீட்டில் கறி, மீன் கூடாது. தினமும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, ஒரு பிடி சோறு காட்ட வேண்டும். பெண்கள் தொடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி இல்லாமல் சாப்பிடத் தெரியாத அப்பா அன்றோடு விட்டார். வீடும் விட்டது.

என்னைவிட ஏழு வயது மூத்தவள் அக்கா. வெள்ளனே எழுந்து குளித்துத் தண்ணீர் கொண்டுவருவதும் துளசி பறிப்பதும் அவள் வேலை. செம்பைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். பத்தொன்பதில் கல்யாணமாகிப் போனாள். இருபத்திரண்டில் தாலியை இழந்து திரும்பி வந்தாள். வந்த மறுநாள் காலை மறுபடி செம்போடு நின்றாள். அப்பா இறக்கும்வரை அப்படித்தான். மூன்று வருடத்தைக் கழித்துப் பார்த்தாலும் பதினாலாயிரம் செம்புக்கு மேல் வரும். அத்தனையையும் அவள் ஒரு முழத் தூரத்தில் வைத்துவிட்டு விலகினாள்.

அப்பா போனபின் ஒரே மகனான நான் கல்லைக் கொடைக்கானலுக்கு எடுத்து வந்தேன். அங்கே ஒரு பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தேன். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்தபோது, அக்கா சன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

"ஏலே, மலைக் குளிருல பச்சத் தண்ணிய ஊத்திறாத. லேசா வெந்நி போட்டு ஊத்து."

"சரிக்கா."

"அரிசி மேல வையி. இல்லாட்டி உருண்டுக்கிட்டே கெடக்கும்."

"சரிக்கா, எனக்குத் தெரியாதா?"

"உனக்கு எண்ணத்தான்லே தெரியும்" என்றாள். பேருந்திலிருந்த நாலு பேர் சிரித்தார்கள்.

நூற்றுப்பன்னிரண்டு நாள் வெந்நீர் ஊற்றினேன். அதற்குப்பின் நடந்ததுதான் இதை எழுதக் காரணம்.

பள்ளியில் ஆண்டுக்கு ஒருமுறை மெல்லுடலிகள் பாடம் வரும். நத்தை, சிப்பி, சங்கு, கணவாய், பேய்க்கணவாய் என்கிற ஆக்டோபஸ் எல்லாம் ஒரே குலம். அந்தப் பாடத்துக்காக மதுரை மீன் சந்தையிலிருந்து ஐஸ் பெட்டியில் கணவாய் வரவழைப்பேன். மலைக் குளிரில் ஆய்வுக்கூடம் முழுவதும் கடல் வாடை அடிக்கும். எட்டுக் கைகளையும் இரண்டு நீண்ட உணர்நீட்சிகளையும் பிள்ளைகள் எண்ண வேண்டும். பிறகு முதுகைக் கீறி, உள்ளிருந்து ஒரு கண்ணாடி இறகு போன்ற பொருளை உருவிக் காட்டுவேன். அது ஒரு காலத்தில் கணவாயின் முன்னோருக்கு வெளியே இருந்த ஓடு. காலப்போக்கில் உள்ளே போய், மெலிந்து, இப்படி ஆகிவிட்டது. ஓட்டை வெளியிலேயே வைத்துக்கொண்ட உறவினர்களும் இருந்தார்கள். ஆட்டுக் கொம்புபோலச் சுருண்ட ஓட்டுக்குள் குடியிருந்து கடலில் மிதந்த அம்மோனைட்டுகள். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு அவை ஒன்றுவிடாமல் அழிந்தன. இமயமலை இருக்கும் இடத்தில் கடல் இருந்தபோது சேற்றில் புதைந்தவை கல்லாகி, கண்டகி ஆற்றில் உருண்டு வருகின்றன. எங்கள் வீட்டுச் சக்கரம் அப்படி ஒரு ஓடுதான்.

இது எனக்குக் கல்லூரியிலேயே தெரியும். அப்பா இருந்தவரை வாய் திறக்கவில்லை. கல் மலைக்கு வந்த நூற்றுப்பன்னிரண்டாம் நாள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி அறிவித்தார்கள். என் பொறுப்பில் முப்பத்தாறு காட்சிப் பொருள்கள். கணவாய் குலத்துக்கு ஒரு மேசை. அதில் ஐஸில் புதிதாக வந்தது, கெடாமல் குப்பியில் இருப்பது எல்லாம் இருந்தன. அழிந்துபோனது மட்டும் இல்லை. வீட்டில் இருக்கும்போது வெளியே தேடுவானேன் என்று நினைத்தேன்.

முழுக் கல்லாக வைத்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. நடுவில் அறுத்தால்தான் உள்ளறைகள் தெரியும். கல்லறைக் கற்கள் அறுத்துச் செதுக்கும் கொட்டகை ஒன்று ஊரில் இருந்தது. அங்கே கொண்டுபோனேன். பேத்துப்பாறைக்காரரான கல்தச்சர், கழுத்தில் சிலுவை போட்டவர், கல்லைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். இரண்டு கையாலும் வாங்கினார் என்பது நினைவிருக்கிறது. நான் ஒரு கையால்தான் கொடுத்தேன்.

"சார், எண்ணெப் பிசுக்கா இருக்கே. இது சாமிக் கல்லுங்களா?"

"சாமியெல்லாம் இல்லைங்க. இது கணவாய்க்குத் தாத்தா."

"என்னங்க சார்?"

"கடல் பூச்சிங்க. செத்துக் கல்லாயிருச்சு. நடுவுல அறுத்துக் குடுங்க."

"அப்ப சரிங்க சார். நமக்கு எதுக்கு வம்புன்னுதான் கேட்டேன்."

கணவாய்க்குத் தாத்தா என்ற பதில் எனக்கே மிகவும் பிடித்துப் போயிற்று. அதற்குப்பின் ஓய்வு பெறும்வரை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் அதைச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தேன். அறிவியல்படியும் அது சரியில்லை. தாத்தா முறை வராது, ஒன்றுவிட்ட பங்காளி முறைதான் வரும். அந்தப் பிழையையும் சேர்த்தே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அறுக்கும் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றி ஊற்றி அறுத்தார். அந்தத் தண்ணீர் கறுப்பாக ஓடியது. நூற்றுப்பதின்மூன்றாம் நாள் அந்தக் கல்லுக்குக் கிடைத்த தண்ணீர் அதுதான்.

உள்ளே இருந்தது அழகு. அதை மறுக்க மாட்டேன். சுருளின் நடுவிலிருந்து வெளிவரை வளைந்த தடுப்புச் சுவர்கள் பத்தொன்பது. சுவர்களுக்கிடையில் வெள்ளைப் படிகம் நிறைந்து மின்னியது. அந்த உயிர் வளர வளரப் பழைய அறையை அடைத்துவிட்டு முன்னால் புது அறை கட்டிக் குடிபோகும். கடைசி அறையில்தான் அது வாழ்ந்தது. மற்றவை அது மூடிவிட்டு வந்த வீடுகள். கல்தச்சரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார். "இம்புட்டு நாளு இதுக்குள்ளயா கெடந்துச்சு" என்றார்.

கண்காட்சி மூன்று நாள். கணவாய் மேசைக்கு வந்தவர்களைக் கோடு போட்டு எண்ணினேன். எண்ணுவதிலேயே குறியாக இருந்ததால் பொருளைக் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை பொருள்களைச் சரிபார்த்தபோது முப்பத்தைந்தரைதான் இருந்தது. சாளக்கிராமத்தின் ஒரு பாதியைக் காணோம். குப்பைத் தொட்டிகள் பதினான்கையும் கவிழ்த்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. யாரோ பளபளப்பைப் பார்த்து எடுத்துப் போயிருக்க வேண்டும். வாயும் வரிகளும் உள்ள பாதி மிஞ்சியது.

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மன்னவனூர்க்காரி, பூண்டு வெள்ளாமைக் குடும்பம். கறிமீனை விட்டுவிட்டு இந்த வீட்டுக்குள் வந்தவள். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"உங்க அக்காட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லிருங்க. நாளாக நாளாக நாக்கு எழும்பாது."

அவள் சொன்னபடியே ஆயிற்று. முதல் வாரம் சொல்லவில்லை. பிறகு சொல்லாமல் போன வாரங்களை எண்ணுவதை மட்டும் நான் செய்யவில்லை.

பாதிக் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றக் கூச்சமாக இருந்தது. புத்தக அலமாரியில் வைத்தேன். பிறகு மேசையில் தாள்கள் பறக்காமல் இருக்க வைத்தேன். அறுத்த பக்கம் தட்டையாக இருந்ததால் அதற்கு வசதியாக இருந்தது. அந்த ஆண்டே சக ஆசிரியர் ஒருவர் விருந்துக்கு அழைத்த இடத்தில் கணவாய் வறுவல் வைத்தார்கள். வளையம் வளையமாகப் பதினொரு துண்டு. கல் பாதியாகிவிட்ட பிறகு விதியும் பாதிதானே என்று ஒரு கணக்குப் போட்டுச் சாப்பிட்டேன். பிடித்திருந்தது. பிறகு வீட்டிலும் வந்தது. மனைவி அசைவம் சமைத்தாளே தவிர, கணவாயை மட்டும் கடைசிவரை தொடவில்லை. "அதச் சாப்பிட எனக்கு என்னமோ மாதிரி இருக்கு, நீங்க சாப்பிடுங்க" என்பாள்.

பழனிக்குப் போகும்போதெல்லாம் அக்கா கேட்பாள், "ஒரு தடவ சாமியக் கொண்டாந்து கண்ணுல காட்டேன்லே." பலதடவை நழுவிவிட்டு, ஒருமுறை சட்டென்று சொன்னேன்: "மலையேறின சாளக்கிராமத்தை மறுபடி இறக்கக் கூடாதுக்கா. சாஸ்திரம்." அப்படி ஒரு சாஸ்திரம் எங்கும் இல்லை. விலங்கியல் படித்தவன் அந்த நிமிடத்தில் உண்டாக்கியது. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அய்யய்யோ, தெரியாமக் கேட்டுட்டேன்" என்றாள். அவளுக்கோ கொண்டை ஊசி வளைவுகள் ஆகாது. இரண்டாம் வளைவிலேயே வாந்தி எடுப்பாள். எனக்குக் கல்யாணமான புதிதில் ஒருமுறை வந்ததோடு சரி. அதனால் என் சாஸ்திரம் பல ஆண்டு காலம் நிலைத்தது.

ஊரடங்குக் காலத்தில் அறைகளுக்கு வந்து மாட்டிக்கொண்ட யாரோ அக்காவுக்குப் போனில் முகம் பார்த்துப் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். முதல் அழைப்பிலேயே என் முகத்தைத் தள்ளச் சொன்னாள்.

"உன் மூஞ்சிய எத்தன நாளு பாக்குறது. சாமியக் காட்டு."

மேசையிலிருந்து கல்லை எடுத்து, பித்தளைத் தட்டில் அறுத்த பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தேன். மேலிருந்து பார்த்தால் முழுக் கல். போனை நேர் மேலே பிடித்தேன்.

"அரிசியக் காணமே?"

"கீழ இருக்குக்கா. வெளிச்சத்துல தெரியல."

"உருளாம நிக்குதே."

"நல்லா அழுத்தி வச்சிருக்கேன்."

திரையில் அவள் கைகள் இரண்டும் கூம்பின. கூம்பியதில் அவள் போன் சரிந்து, எனக்குப் பழனி வீட்டு மச்சு தெரிந்தது. மச்சைப் பார்த்துக்கொண்டு நான் காத்திருந்தேன். அதன்பின் சனிக்கிழமைதோறும் அப்படித்தான். இதை எண்ணி வைத்திருக்கிறேன், ஆனால் எழுத முடியவில்லை.

போன தை மாதம், பூசக் கூட்டம் வடிந்த பிறகு, சனிக்கிழமை இல்லாத ஒரு நாளில் அழைத்தாள்.

"நெஞ்சுல ஒரு வால்வு சரியில்லங்காரு டாக்டரு. ஆப்பரேசன்னாரு. எம்பத்தொண்ணு வயசுல என்னத்துக்குன்னு வேணாமுன்னுட்டேன். அது கெடக்கட்டும். தம்பி, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுக்கா."

"சாமிய ஒரே ஒரு தடவ கையில வாங்கிக்கிறேன்லே. பொம்பளன்னு பாத்துப் பாத்து, வாழ்க்க முச்சூடும் தள்ளியே நின்னுட்டேன். இனிமே என்ன தோசம் வந்து என்னய என்ன பண்ணப் போகுது?"

"நானே கொண்டாறேன்" என்றேன் அவசரமாக. எதற்கு அவசரப்பட்டேன் என்று தெரியவில்லை. கொண்டுபோக என்னிடம் என்ன இருந்தது?

"கூடாதுல்ல. இறக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன. நானே வாரேன்."

என் பொய், நெஞ்சில் வால்வு பழுதான எண்பத்தொரு வயதுக்காரியை அத்தனை வளைவுகளையும் தாண்டி மேலே ஏற வைத்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் செய்தது வேறு. போனில் தேடி ஒரு சாளக்கிராமத்துக்குச் சொல்லி அனுப்பினேன். விலைக்கு வாங்கக் கூடாததை வாங்கினேன். ஒன்பதாம் நாள் அட்டைப் பெட்டியில் வந்தது. கறுப்பு, ஏறக்குறைய அதே அளவு, அதே போன்ற வாய். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வரிகளில் உளி போன தடம் தெரிந்தது. ஆளைக் கொண்டு செதுக்கியது. வரிகள் இருபத்தாறு. அக்கா எண்ண மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். எண்ணெய் பூசி, துணியில் தேய்த்து, மறுபடி எண்ணெய் பூசினேன். நான்கு நாளில் பழசாகத் தெரிந்தது.

மனைவி கதவருகே நின்று இதைப் பார்த்தாள்.

"மதினி எங்கிட்டக் கேட்டாகன்னா நான் பொய் சொல்ல மாட்டேன்."

"உன்ன யாரு சொல்லச் சொன்னா? பேசாம இரு, போதும்."

"பேசாம இருந்தே தேஞ்சு போனேன். பிரிட்ஜில கணவா கெடக்கே, அதையாவது வெளிய எடுங்க. வாடை போகட்டும்."

பொட்டலத்தை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். மூன்று நாள் வீடு கழுவினோம்.

அக்கா வாடகைக் காரில் வந்தாள். வழியில் ஆறு பைகள் நிறைந்துவிட்டன என்று ஓட்டுநர் சொன்னார். முகம் வெளுத்துக் காற்றில் ஆடுவதுபோல் இறங்கினாள். கையைப் பிடித்தேன், எலும்பாக இருந்தது. உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. "குளிச்சிட்டு வந்துதான் எல்லாம். வெரசா வெந்நி போடு" என்று என் மனைவியிடம் சொன்னாள். குளித்து, பழனியிலிருந்து கொண்டுவந்த வெள்ளைச் சேலையைக் கட்டி, ஈரத் தலையோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். என் மனைவி சமையலறை வாசலில் காரட்டும் கத்தியுமாக நின்றாள்.

தட்டில் அரிசி பரப்பி, விலைக்கு வாங்கிய கல்லை அதன்மேல் வைத்திருந்தேன். அதை எடுத்து அக்காவின் இரண்டு உள்ளங்கையிலும் வைத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு சுண்டுவிரலைக் கல்லின் வாய்க்குள் மெல்ல விட்டாள். எதையோ தேடுவதுபோல வரிகளின்மேல் விரல் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று.

"ஒங்கிட்டச் சொல்றதுக்கு என்ன. பதினாலு வயசுல ஒரு தடவ தொட்டுட்டேன்லே. அப்பா ஆயக்குடிக்குக் கொய்யா எடுக்கப் போயிருந்தாரு. நீ பள்ளியோடத்துல. இந்த விரலத்தான் உள்ள விட்டேன். எல்லாம் வழுவழுன்னு இருந்துச்சு, ஒரு எடத்துல மட்டும் முள்ளாட்டம் சுருக்குன்னுச்சு. ரத்தமே வந்திருச்சு. சாமி கடிச்சிருச்சுன்னு பயந்து போனேன். ஒங்க மாமா செத்தப்போகூட இதனாலதானோன்னுதான் நெனச்சேன்."

"அக்கா..."

"அந்த முள்ளத்தான் தேடுறேன். காணம்." கண்ணைத் திறந்தாள். கண் நிறைந்திருந்தது. "நீ தெனம் தெனம் தண்ணி ஊத்தி, தொடச்சு, அதே தேஞ்சு போச்சேடா தம்பி. அப்பா பண்ணுனதுல தேயல. நீ பண்ணிருக்க. நீ எங்க பண்ணப் போறேன்னு நான் சந்தேகப்பட்டேன், என்னய மன்னிச்சிரு."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

மனைவியின் கத்தி காரட்டில் பாதியில் நின்றிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, காரட்டைத்தான் பார்த்தாள். நான் எழுந்தேன். அலமாரியில் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்திருந்த பாதிக் கல்லை எடுத்துவந்து அக்காவின் முன் வைத்தேன்.

"அது இல்லக்கா. இதுதான்."

"என்னது இது?"

"நம்ம கல்லு. பாதிதான் இருக்கு. நான்தான் அறுத்தேன்."

அவள் விளங்காமல் பார்த்தாள். சொன்னேன், கண்காட்சி, கல்தச்சர், சாமி இல்லை என்று நான் சொன்னது, காணாமல் போனது, சாஸ்திரம், கவிழ்த்து வைத்துக் காட்டியது. எதையும் விடவில்லை. சொல்லும்போது ஒன்று, இரண்டு என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தேன். அதைக் கவனித்ததும் கையைப் பின்னால் மறைத்தேன்.

அவள் கையிலிருந்த கல்லை அரிசியில் வைத்தாள். பாதிக் கல்லை எடுத்து, வாய்க்குள் சுண்டுவிரலை விட்டாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இதேதான்" என்றாள். பிறகு கல்லைத் திருப்பி அறுத்த முகத்தைப் பார்த்தாள். பத்தொன்பது சுவர்கள். நெடுநேரம் பார்த்தாள். நல்லாயிருக்கிறது என்றோ, பாவி என்றோ சொல்லுவாள் என்று நின்றேன்.

"பாதிய பாதின்னு சொல்லிருந்தா, பாதியக் கும்புட்டிருப்பேன்லே. முழுசுன்னு காட்டி என்னய ஏச்சுப்புட்டியே."

கல்லை மடியில் வைத்துக்கொண்டு மேலே கேட்டாள்.

"கறி, மீனு?"

"உண்டு."

"என்ன மீனு?"

"கணவாய்."

"அது என்ன மீனுடா?"

மீன் இல்லை, மெல்லுடலி, இந்தக் கல்லுக்குள் இருந்ததன் பங்காளி வகை என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கேட்டால் சரியான விடை சொல்லிப் பழகிய வாய்.

"சாமிய அறுத்தே. சாமி சொந்தக்காரனையும் தின்னுட்டே." என் மனைவி பக்கம் திரும்பினாள். "நீயும் தின்னியா?"

"மத்ததெல்லாம் உண்டு மதினி. கணவா மட்டும் தொட்டதில்ல."

"ஒனக்காவது உறைச்சுச்சே" என்றாள் அக்கா. அதற்கு மனைவி சிரித்துவிட்டு, சிரித்ததற்காக முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா சிரிக்கவில்லை.

"எம்புட்டு நாளு தண்ணி ஊத்துன?"

"நூத்திப்பன்னெண்டு நாள்."

"அத மட்டும் கரெக்டா எண்ணி வச்சிருக்க."

அன்று மாலை வரை என்னோடு பேசவில்லை. மனைவியோடு பூண்டு உரித்துக்கொண்டு மன்னவனூர் ஆடுகளைப் பற்றிப் பேசினாள். சமையலறையிலிருந்து அவர்கள் குரல் கேட்டது. நான் மேசையில் உட்கார்ந்து லென்ஸை எடுத்து, அவள் வெளியே வைத்திருந்த பாதிக் கல்லைப் பார்த்தேன். பதினேழாம் வரியில் ஒரு சிறு உடைசல், ஊசி முனை அளவு. தொட்டேன், சுருக்கென்றது. ஒன்பது வயதிலிருந்து அந்த வரிகளை எத்தனையோ முறை எண்ணியிருக்கிறேன். எனக்குத் தொடவும் அனுமதி இருந்தது. நான் ஒருமுறையும் வரிகளின்மேல் விரலை வைத்ததில்லை. தொடக் கூடாதவள் ஒரே ஒருமுறை தொட்டு, அறுபத்தேழு ஆண்டு அதை விரலில் வைத்திருந்தாள்.

மறுநாள் காலை கிளம்பும்போது பாதிக் கல்லைத் தன் சேலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இறக்கக் கூடாதுன்னு ஒரு சாஸ்திரம் இருக்காமே" என்றாள் என்னைப் பார்த்து. ஓட்டுநர் நல்லவேளை ஒன்றும் கேட்கவில்லை.

"அங்க யாருக்கா பூசை பண்ணுவா?"

"நான்தான். கை இருக்குல்ல."

"அந்த வாங்குன கல்ல என்ன செய்ய? ஏழு நாளைக்குள்ள திருப்பி அனுப்பலாம்னு போட்டிருந்தான். அது தாண்டிருச்சு."

"ஏலே, வீட்டுக்கு வந்தத திருப்பி அனுப்புவியா? அது பாட்டுக்கு எங்கனயோ கெடந்த கல்லு. நீ கூப்பிட்டு வந்திருக்கு. தெனம் ஒரு செம்பு வெந்நி ஊத்து. எண்ணாம ஊத்து."

இப்போதும் சனிக்கிழமை அழைக்கிறாள். முகத்தைக் காட்டுவதில்லை. அரிசிமேல் கல்லை வைத்து, அறுத்த பக்கம் மேலே இருக்கும்படி காட்டுகிறாள். கைகள் நடுங்குவதால் படமும் ஆடுகிறது. ஏன் அப்படி வைத்திருக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "நீ பாக்கணும்ல" என்றாள். பார்க்கிறேன். பேச்சு அவ்வளவுதான். நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்டால், உன் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறேன் என்பாள்.

விலைக்கு வாங்கிய கல் இங்கே தட்டில் இருக்கிறது. உளியால் செதுக்கியது. அதற்குள் அறைகள் கிடையாது, எந்த உயிரும் எந்தக் கடலிலும் அதில் குடியிருந்ததில்லை. இதை லென்ஸ் இல்லாமலே சொல்லுவேன். ஆனாலும் காலையில் வெந்நீர் வைத்து, விரலை விட்டுச் சூடு பார்த்து, ஊற்றுகிறேன். ஒரு பிடி சோறு காட்டுகிறேன். கணவாய் வீட்டுக்கு வருவதில்லை. அக்கா எண்ணாமல் ஊற்றச் சொன்னாள். இன்று எத்தனையாவது நாள் என்று இங்கே எழுதப்போவதில்லை. தெரியாது என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.